நேரம் சுருங்கிய தீம் பார்க்கில் ஒரு நாளை வீணாக்காமல் இருக்க: பெருந்தொற்றுக் காலப் பயண வழிகாட்டி

சாதாரண காலத்தில் தீம் பார்க் பயணம் என்றால் முதலில் போடுவது பணக் கணக்கு. கொரோனா போன்ற பெருந்தொற்றின் கட்டுப்பாடுகள் இருக்கும்போது முதலில் போட வேண்டியது நேரக் கணக்கு. கட்டிய பணம் ரீஃபண்டாகவோ வேறு தேதியாகவோ திரும்பி வர வழி உண்டு. காலை 11 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கே மூடும் பூங்காவில் விட்டுவிட்ட இரண்டு மணி நேரத்தை எந்த டிக்கெட்டும் திருப்பித் தராது. ஆகவே, எதை முன்பதிவு செய்தாலும் அதை எப்படி ரத்து செய்வது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். உள்ளே நுழைந்த பிறகு எந்த மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் இந்த இரண்டிலிருந்து வருவதுதான்.

யாருக்குத் திறந்திருக்கிறது, எத்தனை மணி வரை

பூங்கா திறந்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்ததும் விமான டிக்கெட் எடுக்கக் கூடாது. ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2020 ஜூன் 18-இல் திறந்தது. ஜூலை 15-இல் மூடியது. செப்டம்பர் 25-இல் மறுபடி திறந்து, டிசம்பர் 2-இல் மறுபடி மூடி, 2021 பிப்ரவரி 19-இல்தான் திறந்தது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் 2021 ஏப்ரல் 30-இல் திறந்தபோது அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. வெளிமாநிலத்தவர் ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்திருந்தும் உங்களுக்குத் திறக்காத பூங்கா என்று ஒன்று உண்டு என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது நேரம். புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பூங்காக்கள். 2020 ஜூலையில் மீண்டும் திறந்தபோது ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து மணி நேரம் இயங்கியது. செப்டம்பர் 8-இலிருந்து மேஜிக் கிங்டம் 9 முதல் 6 வரை, அனிமல் கிங்டம் 9 முதல் 5 வரை, ஹாலிவுட் ஸ்டூடியோஸ் 10 முதல் 7 வரை, எப்காட் 11 முதல் 7 வரை என்று குறைத்துவிட்டார்கள். ஜூலை மாத நேரத்தை நம்பி அக்டோபருக்குத் திட்டம் போட்டவர்களுக்கு நான்கு நாளில் ஆறு மணி நேரம் காணாமல் போனது. ஆகவே பூங்காவின் அதிகாரப்பூர்வ நேர அட்டவணையை நான்கு முறை பாருங்கள்: டிக்கெட் எடுக்கும் முன், ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு வாரம் இருக்கும்போது, முந்தைய இரவு. முந்தைய இரவு பார்ப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால் சில பூங்காக்கள் கடைசி நேரத்தில் ஒரு மணி நேரம் கூட்டவும் செய்யும். அதைத் தெரிந்துகொண்டவருக்கு அந்த ஒரு மணி நேரம் லாபம்.

அதே தளத்தில் பராமரிப்புக்காக மூடப்பட்ட ரைடுகளின் பட்டியலும் இருக்கும். கூட்டம் குறைந்த காலத்தைப் பூங்காக்கள் பழுதுபார்ப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும். நீங்கள் எந்த ரைடுக்காகப் போகிறீர்களோ அதுவே மூடியிருந்தால் வேறு தேதி பாருங்கள். வாரத்தில் ஓரிரு கிழமைகளில் பூங்கா முழுவதுமே மூடியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு: எது முதலில், எது கடைசியில்

டிக்கெட் கையில் இருந்தாலே உள்ளே போய்விடலாம் என்பது சாதாரண காலத்து வழக்கம். கட்டுப்பாடு இருக்கும்போது டிக்கெட் வேறு, அந்த நாளுக்கான நுழைவு ஒதுக்கீடு வேறு. இரண்டும் இருந்தால்தான் கேட் திறக்கும். இந்த வரிசையில் போங்கள்.

1. பூங்காவின் தளத்தில் எந்தத் தேதிக்கு இடம் இருக்கிறது என்ற காலண்டரைப் பாருங்கள். வளாக ஹோட்டலில் தங்குபவர், சாதாரண டிக்கெட்காரர், ஆண்டுப் பாஸ் வைத்திருப்பவர் என்று ஒதுக்கீடு தனித்தனியாக இருக்கலாம். வேறு பிரிவின் காலண்டரைப் பார்த்து இடம் இருக்கிறது என்று நம்பி டிக்கெட் வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

2. குறைந்தது இரண்டு தேதித் தொகுப்புகளில் இடம் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று கைவிட்டால் மற்றொன்று.

3. டிக்கெட் வாங்கிய கையோடு நுழைவு ஒதுக்கீட்டையும் முடித்துவிடுங்கள். நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளினால் அந்தத் தேதி போய்விடும். குடும்பத்தினர் எல்லோருடைய டிக்கெட்டையும் முதலில் ஒரே கணக்கில் இணைத்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் சேர்த்து ஒதுக்கீடு எடுங்கள். தாத்தாவின் டிக்கெட்டை மட்டும் பிறகு சேர்க்கலாம் என்று விட்டால், அவருக்கு மட்டும் அந்த நாள் இடம் இல்லாமல் போகலாம். கைக்குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை என்றாலும் ஒதுக்கீடு தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பிறகு தங்குமிடம். ஒரு நாள் முன்புவரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய கட்டணத்தையே தேர்ந்தெடுங்கள். சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

5. கடைசியில் விமானமோ ரயிலோ. இதுதான் திரும்பக் கிடைக்கக் கடினமான பணம்.

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். விமானக் கட்டணம் மலிவாக இருக்கிறது என்று அதை முதலில் பிடித்துவிட்டு, பூங்காவில் இடம் இல்லாமல் நிற்கிறார்கள்.

ஒரே நாளில் இரண்டு பூங்கா போகலாம் என்ற எண்ணத்தையும் கைவிடுங்கள். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அந்த வசதி 2021 ஜனவரி 1 வரை நிறுத்தப்பட்டிருந்தது. திரும்ப வந்தபோதும், முன்பதிவு செய்த பூங்காவுக்குள் முதலில் நுழைந்துவிட்டு, பகல் 2 மணிக்குப் பிறகுதான் அடுத்ததற்குப் போக முடிந்தது. மாலை 6-க்கு மூடும் பூங்காவுக்கு 2 மணிக்குக் கிளம்பினால், வழியிலும் வாசலிலும் ஒரு மணி நேரம் கழிந்து மூன்று மணி நேரமே மிஞ்சும். அதற்குக் கூடுதல் கட்டணம் கட்டுவது கட்டுப்படியாகாது. ஒரு நாளுக்கு ஒரு பூங்கா போதும்.

ரத்து விதிகளைப் படிக்கும் விதம்

ரத்து செய்தால் என்ன கிடைக்கும் என்பதில் மூன்று வகை. பணம் அட்டைக்கே திரும்புவது ஒன்று. அந்தத் தொகை அந்த நிறுவனத்திடமே வரவாக நிற்பது இன்னொன்று. தேதியை மட்டும் மாற்ற விடுவது மூன்றாவது. தீம் பார்க் டிக்கெட்டுகள் பெரும்பாலும் மூன்றாவது வகை. தேதி மாற்றும்போது புதிய தேதியின் விலை அதிகமாக இருந்தால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இடைத்தரகர் தளங்களில் வாங்கினால் பூங்காவும் தளமும் மாறி மாறிக் கைகாட்டும். நேரடியாகப் பூங்காவிடமே வாங்குவது நல்லது.

பூங்கா தானாக மூடினால் என்ன, நீங்கள் தொற்றால் போக முடியாவிட்டால் என்ன, அரசு பயணத் தடை விதித்தால் என்ன என்று மூன்று கேள்விகளையும் தனித்தனியாகத் தேடுங்கள். முதலாவதற்கு நல்ல பதில் இருக்கும். மற்ற இரண்டுக்கும் பல இடங்களில் இருக்காது.

பயணக் காப்பீடு எடுக்கும்போது ஒரு விஷயம். பெருந்தொற்று ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த நிகழ்வு என்பதால், பயப்பட்டு ரத்து செய்தால் சாதாரண பாலிசி பணம் தராது. அமெரிக்காவில் எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் பாதுகாப்பு விற்கப்படுகிறது. பொதுவாகச் செலவில் 50 முதல் 75 சதவீதம் வரை தரும். ஆனால் முதல் பணம் கட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் எடுத்திருக்க வேண்டும், பயணத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே ரத்து செய்ய வேண்டும். அதனால் எந்த முன்பதிவை முதலில் செய்கிறீர்களோ, அன்றே காப்பீட்டையும் பார்த்துவிடுங்கள்.

கூட்டம் குறைந்தால் காத்திருப்பும் குறையுமா?

திட்டம் போடுபவர்கள் பெரிதும் ஏமாறும் இடம் இது. டிஸ்னி வேர்ல்ட் திறந்தபோது கொள்ளளவில் 25 சதவீதம் பேரை அனுமதித்தது. 2020 நவம்பரில் அதை 35 சதவீதமாக உயர்த்தியிருப்பதாகத் தெரிவித்தது. மூன்றில் ஒரு பங்கு கூட்டம் என்றால் காத்திருப்பும் மூன்றில் ஒன்று என்று நினைக்கத் தோன்றும். அப்படி இருக்காது. ரைடின் கொள்ளளவும் சேர்ந்தே குறைகிறது.

24 பேர் உட்காரும் ஒரு ரயில் 90 விநாடிக்கு ஒன்று புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 புறப்பாடு, 960 பேர். இடைவெளிக்காக ஒன்று விட்டு ஒரு இருக்கை வரிசையைக் காலியாக விட்டால் 480. ஒவ்வொரு வரிசையிலும் ஒரே குடும்பம்தான் உட்கார வேண்டும் என்பதால், நால்வர் இருக்கையில் இருவர் மட்டும் போகும்போது அதுவும் குறைந்து 350, 400-க்கு வந்துவிடும். இடையில் கிருமிநாசினி தெளிக்க ரைடை நிறுத்துவார்கள். அப்போது வரிசை அப்படியே நிற்கும். இருக்கைகளுக்கு இடையே பிளாஸ்டிக் தடுப்பு வைத்த ரைடுகளில் எல்லா வரிசைகளையும் நிரப்ப முடியும். அங்கே வேகமாக நகரும். ஆகவே முதல் சுற்றிலேயே எந்த ரைடில் காலி வரிசை விடுகிறார்கள் என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், பார்வைக்கு நீளமான வரிசையைக் கண்டு பயந்து திரும்பிவிடவும் கூடாது. ஆறடிக்கு ஒரு குடும்பம் என்று தரையில் குறி போட்டிருப்பார்கள். அறுபது குடும்பங்கள் நின்றாலே 110 மீட்டர் வரிசை ஆகிவிடும். கட்டிடத்துக்கு வெளியே பாதையில் வளைந்து கிடக்கும். ஆனால் அது நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். விரைவு வரிசை (முன்பதிவு செய்தோ கூடுதல் கட்டணம் கட்டியோ வருபவர்களுக்கான தனி வரிசை) நிறுத்தப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்த வரிசை இயங்கும் காலத்தில் ரைடின் இருக்கைகளில் பெரும்பகுதி அதில் வருபவர்களுக்கே போகும். அது இல்லாதபோது பொது வரிசை தடையின்றி நகரும். எனவே வரிசையின் நீளத்தைக் கண்ணால் அளக்காமல், பூங்காவின் ஆப்பில் காட்டும் நிமிடத்தைப் பாருங்கள். அதுவும் பெரும்பாலும் சற்றுக் கூட்டியே போடப்பட்டிருக்கும்.

இப்போது உங்கள் நாளைக் கணக்கிடுங்கள். பூங்கா ஒன்பது மணி நேரம் திறந்திருக்கிறது. நுழைவுச் சோதனைக்கு அரை மணி, சாப்பாட்டுக்கு முக்கால் மணி, மாஸ்க்கைக் கழற்றி ஓய்வெடுக்க இருபது நிமிடம் இரண்டு முறை, கழிப்பறை, கைகழுவல் எல்லாம் சேர்த்து அரை மணி, நடைக்கு ஒரு மணி. மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் போய்விட்டது. மிச்சம் ஐந்தரை மணி. ஒரு ரைடுக்குக் காத்திருப்பும் சவாரியும் சேர்த்துச் சராசரி 45 நிமிடம் என்றால் ஏழு ரைடு. இதுதான் உங்கள் நாளின் உண்மையான அளவு. குடும்பத்தில் ஒவ்வொருவரும் இரண்டு ரைடுகளைச் சொல்லட்டும். அவற்றிலிருந்து ஏழைத் தேர்ந்து, பூங்கா வரைபடத்தில் அருகருகே இருப்பவற்றைச் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். எட்டாவது, ஒன்பதாவது கிடைத்தால் போனஸ்.

காலை

அறையிலேயே எல்லோருக்கும் வெப்பநிலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நுழைவில் வெப்பநிலை சோதிக்கும் இடங்களில் வரம்பு பெரும்பாலும் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ். டிஸ்னியின் விதிப்படி, மறுசோதனையிலும் ஒருவருக்கு அந்த அளவு இருந்தால் அவருடன் வந்த எல்லோருமே திரும்ப வேண்டியிருந்தது. காய்ச்சல் இல்லாமலே நெற்றி சூடாக இருப்பதும் உண்டு: வெயிலில் அரை மணி நின்ற குழந்தை, இறுக்கமான தொப்பி, தலைமேல் மூடி போட்ட தள்ளுவண்டி. சோதனைக்குப் பத்து நிமிடம் முன்பே தொப்பியைக் கழற்றி, நிழலில் நின்று, தண்ணீர் குடிக்க வையுங்கள். உண்மையிலேயே காய்ச்சலோ இருமலோ இருந்தால் மாத்திரை போட்டு மறைத்து அழைத்துப்போக வேண்டாம். நமக்கு முன்னால் நிற்கும் குடும்பத்திலும் ஒரு பாட்டி இருப்பார்.

வாசலில் கூட்டம் சேராமல் இருக்க, பூங்காக்கள் அறிவித்த நேரத்துக்கு அரை மணி, முக்கால் மணி முன்பே கதவைத் திறப்பதுண்டு. திறப்பு நேரத்துக்கு 45 நிமிடம் முன்பு வாகன நிறுத்தத்தில் இருங்கள். அதற்கும் வெகு முன்னே போனால் வாகன நிறுத்தமே திறந்திருக்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். நுழைந்ததும் புகைப்படம், கடை எதற்கும் நிற்காமல், உங்கள் பட்டியலில் கூட்டம் அதிகம் சேரும் ரைடுக்கு நேராக நடங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று முடிக்கலாம். நண்பகலில் அதே ஒரு மணிக்கு ஒன்றுதான்.

சில புதிய ரைடுகளுக்கு நின்று காத்திருக்கும் வரிசையே கிடையாது. ஆப்பில் குறிப்பிட்ட நேரத்தில் ஒரு குழு எண் வாங்கி, அந்த எண்ணை அழைக்கும்போது போக வேண்டும். ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் ரைடுக்கு ஒரு கட்டத்தில் காலை 7 மணிக்கும் பகல் 1 மணிக்கும் எண் கொடுத்தார்கள். சில விநாடிகளில் தீர்ந்துவிட்டது. இதற்குத் தயாராகும் முறை இது. முந்தைய இரவே ஆப்பைப் புதுப்பித்து, உள்நுழைந்து, குடும்பத்தினர் பெயர்கள் எல்லாம் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். ஹோட்டல் வைஃபை மெதுவாக இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். இரண்டு பேர் இரண்டு ஃபோனில் முயலுங்கள். ஐந்து விநாடி முன்பே அந்தப் பக்கத்தில் இருந்து, பொத்தான் தோன்றியதும் தொடுங்கள். முதல் முறை கிடைக்காவிட்டால் அடுத்த நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

கடைசி ஒரு மணி நேரம்

சுருங்கிய நேரத்தை நீட்டிக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. பல பூங்காக்களில் மூடும் நேரம் என்பது வரிசையில் சேர்வதற்கான கடைசி நேரம். ஆறு மணிக்கு மூடும் பூங்காவில் 5.50-க்கு வரிசையில் நின்றவர் 6.40-க்குச் சவாரி செய்துவிட்டு வெளியே வருவார். எனவே பகல் முழுக்க அதிகக் காத்திருப்பு காட்டிய ரைடைக் கடைசிக்கு வையுங்கள். கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் எல்லா இடத்திலும் இந்த வழக்கம் இல்லை. வரிசையை முன்கூட்டியே அடைக்கும் பூங்காக்களும் உண்டு. பிற்பகலில் அந்த ரைடின் வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டுவிடுங்கள்.

நண்பகல் ஒன்று முதல் மூன்று வரை வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தை உள்ளரங்கக் காட்சிக்கும், மெதுவான ரைடுக்கும், மாஸ்க் ஓய்வுக்கும் விடுங்கள்.

மாஸ்க்கும் பையும்

முதலில் பூங்காவின் மாஸ்க் விதியைப் படியுங்கள். வால்வு வைத்தது, கழுத்துத் துணி, கைக்குட்டை போன்றவற்றைப் பல இடங்களில் ஏற்கவில்லை. காதில் மாட்டும் நாடா உள்ளதாக, மூக்கும் வாயும் மூடுவதாக இருக்க வேண்டும் என்றார்கள். எந்த வயதுக் குழந்தையிலிருந்து கட்டாயம் என்பது இடத்துக்கு இடம் மாறும். டிஸ்னி வேர்ல்டில் இரண்டு வயதிலிருந்து கட்டாயமாக இருந்தது. குழந்தைக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வீட்டில் தினமும் அரை மணி பழக்குங்கள். பெரியவர் அளவு மாஸ்க்கை முடிச்சுப் போட்டுச் சிறிதாக்கினால் பக்கவாட்டில் இடைவெளி விழும்; குழந்தை அளவே வாங்குங்கள்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு நான்கு வேண்டும்: காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, தண்ணீர் ரைடுக்குப் பிறகு ஒன்று, அறுந்துபோனால் ஒன்று. வியர்வையிலோ தண்ணீரிலோ நனைந்த மாஸ்க் வழியாக மூச்சு விடுவது கடினம், முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், பாதுகாப்பும் குறையும். அதனால் தண்ணீர் ரைடில் ஏறும் முன்பே மாற்று மாஸ்க் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பை லாக்கரில் இருந்து, லாக்கர் ரைடின் மறுகோடியில் இருந்தால், நனைந்த மாஸ்க்கோடுதான் நடந்து போக வேண்டியிருக்கும். பயன்படுத்தியதைப் போட வேறு நிறப் பை ஒன்று. கண்ணாடி அணிபவர்கள் மூக்குக் கம்பி உள்ள மாஸ்க்கை நன்றாக அழுத்தி, அதன் மேல் கண்ணாடியை உட்கார வைத்தால் பனி படியாது. ரோலர் கோஸ்டரில் காதுநாடா தளர்வாக இருந்தால் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். நாடாவைத் தலைக்குப் பின்னால் இணைக்கும் கொக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க் தவிர, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், சிறிய சானிடைசர், 10,000 மில்லிஆம்பியர்-மணி (mAh) பவர் பேங்க். டிக்கெட், சாப்பாட்டு ஆர்டர், வரிசை எண், பணம் எல்லாம் ஃபோனில் இருப்பதால் சார்ஜ் போனால் நாளே நின்றுவிடும். ஆல்கஹால் சானிடைசரைத் தடவியவுடன் பாதுகாப்புக் கம்பியைப் பிடிக்காதீர்கள். உலரும் வரை வழுக்கும்.

சாப்பாடு, காட்சிகள்

உணவகங்களில் பாதி மூடியிருக்கும். திறந்திருப்பவற்றிலும் மேசைகள் குறைவு. ஆப்பில் முன்கூட்டி ஆர்டர் செய்யும் வசதி இருந்தால், பூங்காவுக்குள் நுழைந்ததுமே 11 மணிச் சாப்பாட்டுக்கு நேரம் குறித்துவிடுங்கள். பசித்த பிறகு பார்த்தால் 2.30-தான் காட்டும். நின்ற இடத்தில், மற்றவர்களிடமிருந்து விலகி நின்றுதான் தின்னவோ குடிக்கவோ விடுவார்கள். நடந்துகொண்டே தின்பதற்கு அனுமதி இருக்காது.

அணிவகுப்பு, வாணவேடிக்கை, கதாபாத்திரங்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பது போன்றவை முதலில் நிறுத்தப்படும், கடைசியில்தான் திரும்பும். டிஸ்னி வேர்ல்டில் வாணவேடிக்கை 2021 ஜூலை 1-இல்தான் திரும்பியது. குழந்தைகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்தால் அழுகைதான்.

திரும்பும் பயணம்

போவதற்கான விதிகளைப் படிப்பவர்கள் திரும்புவதற்கானவற்றைப் படிப்பதில்லை. விமானத்தில் அமெரிக்கா வருபவர்களுக்கு 2021 ஜனவரி 26 முதல், புறப்படுவதற்கு 3 நாட்களுக்குள் எடுத்த சோதனை முடிவு வேண்டும் என்றார்கள். டிசம்பர் 6-இலிருந்து அது 1 நாளாகச் சுருங்கியது. ஊர் திரும்பச் சோதனை தேவையென்றால், எந்த இடத்தில், எத்தனை மணி நேரத்தில் முடிவு கிடைக்கும் என்பதைக் கிளம்பும் முன்பே உறுதி செய்து, அந்த நேரத்தையும் ஒரு பூங்கா நாளிலிருந்து கழித்துவிடுங்கள். ஒருவருக்குத் தொற்று என்று வந்தால் கூடுதலாகத் தங்க எங்கே அறை, எவ்வளவு செலவு என்றும் ஒரு கணக்கு வேண்டும். தினசரி மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்துப்போங்கள்.

பூங்காவிலிருந்து நேராக விமான நிலையம் போகும்படி கடைசி நாளை அமைக்காதீர்கள். 2021 அக்டோபர் 31-இல் ஷாங்காய் டிஸ்னிலேண்ட் கதவுகளை மூடி, உள்ளே இருந்த 30,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதனை செய்த பிறகே வெளியே விட்டது. இரவு வெகுநேரம் ஆகியும் மக்கள் வரிசையில் நின்றார்கள். கடைசிப் பூங்கா நாளுக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு இரவாவது இருக்கட்டும். அந்த இரவுக்கான அறையை, கடைசி நிமிடம் வரை ரத்து செய்யும் வசதியோடு, முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள்.